எலிக் கட்சிக்குப் பேசியவர்

முனவ்வருக்கு எதையும் மெச்சிப் பேச வராது. சிட்னியில், லிட்கம் பகுதியில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். யாராவது புது வீடு வாங்கிக் கூட்டிப்போய்க் காட்டினால் பளிங்குத் தரையைப் பார்க்க மாட்டார். சுவரும் கூரையும் சேரும் மூலையை அண்ணாந்து பார்த்து, இது வழியாகத்தான் வரும் என்பார். என்ன வரும் என்று கேட்டால் எலி என்பார். ஒரு கலியாண வீட்டில் இரண்டாம் தடவையும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, ஆடு வீணாகத்தான் செத்திருக்கிறது என்று சொன்னவர் அவர். அவருடைய மனைவி மிஸ்னா அதற்கு ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. அவருக்கு அந்த நாள் மிக நிம்மதியாகக் கழிந்தது.

எலி, கரையான், கரப்பான் ஒழிப்பது தொழில். இருபத்திரண்டு வருடமாக ஒரு வெள்ளை வான் வண்டியில் பரமட்டாவுக்கும் ஒபர்னுக்கும் இடையில் கூரை கூரையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஊர் மன்னார்த் தீவில். அதைப் பற்றி யாராவது கேட்டால், உப்பும் காற்றும்தான், வேறொன்றும் இல்லை என்று முடித்துவிடுவார். புத்தளத்தில் ஆறு வருடம் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தது, வளைகுடாவில், தம்மாமில் ஒரு ஹோட்டலுக்கு மருந்து அடிக்கப் போனது, அங்கிருந்து சிட்னிக்கு வந்தது எல்லாம் மிஸ்னா சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

போன ஏப்ரலில், குளிர் தொடங்கும் சமயம், வென்ட்வேர்த்வில்லில் இருந்து சேஷாத்ரி என்பவர் அழைத்தார். சென்னைக்காரர். வங்கியொன்றில் கணினிப் பிரிவில் பெரிய பதவி. கூரைக்குள் யாரோ மரச்சாமான் நகர்த்துவது போலச் சத்தம் கேட்கிறது என்றார். முனவ்வர் ஏறிப் பார்த்தார். நகர்த்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எலிகள் மட்டும் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தன. உத்தரம் முழுக்க அவை உரசிப் போன எண்ணெய்க் கறை. இறங்கி வந்து வீட்டைச் சுற்றினார். பின்வளவில் ஒரு கொக்கோஸ் பனை நின்றது. அதன் கீழே செம்மஞ்சள் பழங்கள் கொட்டிக் கிடந்தன. ஒரு கொட்டையை எடுத்து, ஓட்டில் வட்டமாகக் குடைந்திருந்த துளையைக் காட்டினார்.

"சாப்பாடு வெளியில, படுக்கை உள்ள. நீங்க வச்ச மரம்தானே?"

சேஷாத்ரி கொட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருடைய மனைவி கல்யாணி, அதைத் தொட்ட கையால் எதையும் தொடாதீர்கள் என்று சமையலறை ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் சேஷாத்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. ஈஸ்டர் தீவில் தோண்டியபோது இப்படித்தான் எலி கடித்த பனங்கொட்டைகள் கிடைத்தன என்று ஒரு விவரணப் படத்தில் பார்த்திருந்தாராம். பெரிய பெரிய கற்சிலைகள் செய்து நிறுத்திய சனம், நாலு பக்கமும் ஆயிரக்கணக்கான மைலுக்குக் கடல், அப்படியொரு இடத்தில் வளர்ந்த நாகரிகம் ஏன் சரிந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை என்றார். மரத்தையெல்லாம் அவர்களே வெட்டித் தீர்த்தார்கள் என்று ஒரு கட்சி. அவர்களோடு படகில் வந்த எலிகள் பனங்கொட்டைகளைத் தின்று தீர்த்தன, அதனால் புது மரம் முளைக்கவில்லை என்று இன்னொரு கட்சி.

"பாய், எங்க சிந்தனை வட்டத்துல ஜூலை மாசம் பட்டிமன்றம் இருக்கு. இதையே தலைப்பா வச்சுடலாம். எலி அணியில நீங்க பேசணும். நிஜமான அனுபவஸ்தர் ஒருத்தர் பேசினா ஜனங்க ரசிப்பாங்க."

பாய் என்ற சொல்லே முனவ்வருக்கு ஆகாது. அவருடைய பக்கத்தில் அப்படி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ரசிப்பார்கள் என்ற சொல் அதைவிட ஆகவில்லை. சர்க்கஸுக்குக் கரடி தேடுகிறார்கள் என்று தோன்றியது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால், இந்த ஆட்கள் எலியைப் பற்றி என்னென்ன பிதற்றுவார்கள் என்று நினைத்ததும் வாய் தன்பாட்டில் சரி என்றுவிட்டது.

பிறகு இரண்டு மாதம் வாசித்தார். வேலைக்கும் வேலைக்கும் நடுவே வானில் இருந்து தொலைபேசியில் வாசித்தார். சனிக்கிழமைகளில் லிட்கம் நூலகத்துக்குப் போய்ப் படம் போட்ட பெரிய புத்தகங்களைப் புரட்டினார். கடைசி மரத்தை வெட்டிய மனிதன் என்ன நினைத்திருப்பான் என்று உருகி உருகி எழுதியிருந்த ஒருவரை, வாழ்நாளில் கோடரி பிடித்திருக்க மாட்டான் என்று தள்ளிவைத்தார். எலிதான் எல்லாம் செய்தது என்று எழுதியவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. எலி மரத்தை முடித்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூரையில் எலி இருக்கிறது என்று வீட்டைக் காலி செய்தவர்களை அவர் இருபத்திரண்டு வருடத்தில் கண்டதில்லை. சனங்கள் சபிப்பார்கள், மருந்து வைப்பார்கள், இருப்பார்கள். மரம் போன பிறகும் அந்தத் தீவில் அவர்கள் கல்லை அடுக்கிக் காற்றைத் தடுத்து, அதற்குள் வத்தாளைக் கிழங்கு நட்டுப் பிழைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆட்கள் எங்கே போனார்கள்?

அது புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. முன்னூறு பக்கம் சிலைக்கும் மரத்துக்கும். பிறகு ஒன்றரைப் பக்கம் இதற்கு. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டில் பெருவிலிருந்து கப்பல்கள் வந்தன. ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு பேரைப் பிடித்து அடிமை வேலைக்குக் கொண்டுபோனார்கள். உலகம் கண்டித்த பிறகு திருப்பி அனுப்பியதில் பதினைந்து பேர்போலத்தான் உயிரோடு கரை சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் அம்மையையும் கொண்டுவந்தார்கள். பதினைந்து வருடத்துக்குள் அந்தத் தீவில் மிஞ்சியது நூற்றுப் பதினொரு பேர். பிறகு நிலம் முழுக்கச் செம்மறியாடு விட்டு, மிஞ்சியவர்களை ஒரு மூலையில் வேலிக்குள் இருத்தினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தும் அவர் சிடுசிடுப்பாகவே இருந்தார். அறிஞர்கள் என்ன செய்தார்கள் என்று மிஸ்னா கேட்டாள்.

"ஒரு வீட்டுக்குக் கள்ளன் வந்து எல்லாரையும் தூக்கிட்டுப் போயிருக்கான். இவனுகள் நூறு வருசமா நின்டு, வீட்டுக்காரன் ஏன் முருங்கைய வெட்டினான் என்டு ஆராய்ச்சி பண்றானுகள்."

"அப்ப அதையே போய்ச் சொல்லுங்க."

"சொல்லத்தானே போறன்."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வென்ட்வேர்த்வில் சமூக மண்டபத்தில் எண்பது பேர்போல வந்திருந்தார்கள். வாசலில் வடையும் தேநீரும் தயாராக இருந்தன. பாதிப் பேரின் பார்வை தொடக்கத்திலிருந்தே அங்கேதான். மேடையில் பெரிய எழுத்தில், ஈஸ்டர் தீவு நாகரிகம் அழிந்தது மனிதராலா எலிகளாலா என்று எழுதிய பதாகை. நடுவராக வெங்கட்ராமன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் இருந்தார். மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தவரை அப்படியே மேடையில் ஏற்றியிருந்தார்கள். தன் வீட்டில் எலியைவிட மனைவியைக் கண்டால்தான் தனக்குப் பயம் என்று அவர் தொடங்கிவைத்தார். மண்டபம் சிரித்தது. இதே பகிடியைக் கரப்பானுக்கும் பல்லிக்கும் தேர்தலுக்கும் இவர் சொல்லியிருப்பார் என்று முனவ்வர் கணக்குப் போட்டார்.

மனிதர் அணிக்குத் தலைவர் மகேந்திரராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், எழுபத்துநாலு வயது, கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வெட்டிய கரும்பு போல நேராக நின்று, தாளைப் பார்க்காமல் பேசினார். பெருமைக்குச் சிலை செய்தார்கள், சிலையை உருட்ட மரம் வெட்டினார்கள், மரம் போக மண் போனது, மண் போகச் சோறு போனது. கணக்குப்போல ஒன்றிலிருந்து ஒன்றைக் காட்டிக்கொண்டே போய், கடைசியில் குரலை உயர்த்தினார்.

"வெளியில இருந்து ஒருத்தரும் வந்து அந்தச் சனத்தைத் துரத்தேல்லை. தாங்களே தங்களை அழிச்சவை. வேற ஆரையும் குற்றம் சொல்ல ஏலாது."

கைதட்டல் பலமாக இருந்தது. ப்ரீத்தி என்ற மருத்துவ மாணவி எலி அணிக்காக எழுந்து, ஒரு சோடி எலி எத்தனை வருடத்தில் எத்தனை இலட்சம் ஆகும் என்று திரையில் காட்டினாள். எலிகளுக்கு விபத்தே நடக்காத உலகம் அது. முனவ்வர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு நடுவர், எலிகளின் பரம எதிரியே இன்று எலிகளுக்காக வாதாட வருகிறார் என்று அவரை அழைத்தார். சனம் மறுபடி சிரித்தது.

முதல் மூன்று நிமிடம் முனவ்வர் அவர்கள் கேட்டதையே கொடுத்தார். எலி எந்த வகைக் கொட்டையை எந்தப் பக்கத்திலிருந்து குடையும், எலி இருக்கும் வளவில் பனங்கன்று ஏன் தலை காட்டாது என்று சொன்னார். சேஷாத்ரி முன்வரிசையில் தலையாட்டி மகிழ்ந்தார். பிறகு முனவ்வர் பதாகையைத் திரும்பிப் பார்த்தார்.

தலைப்பே பிழை என்றார். அழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சனம் இன்னும் அங்கே இருக்கிறது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கும் ஆட்களுக்கு வடையும் தேநீரும் வைத்து, செத்தவர்களுக்கு ஓதும் கத்தத்தை ஓதுகிறோம் என்றார். மாஸ்டர் சொன்னது முழுப் பொய் என்று சொல்லிவிட்டு, கப்பல் வந்த வருடத்தையும், பிடித்துப் போனவர்களின் தொகையையும், மிஞ்சிய நூற்றுப் பதினொன்றையும் சொன்னார். ஆறு நிமிடம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

"எலி கொட்டையத் தின்டுச்சு. அது எலிட வேலை. மரம் இல்லாமலும் அவங்க இருந்தாங்க. ஆக்களப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்தினவன் எலி இல்ல. அவன்ட பேர் இந்தத் தலைப்பில எங்க இருக்கு?"

இரண்டாவது மணி அடித்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் சனம் நடுவரைப் பார்த்தது. வெங்கட்ராமன் சமாளிப்பதில் கைதேர்ந்தவர். நண்பர் கப்பலேறி எங்கோ போய்விட்டார், நாம் கரைக்குத் திரும்புவோம் என்றார். தீர்ப்பு வழக்கம்போல வந்தது: மனிதனின் பேராசைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எலி. எல்லோரும் எழுந்து வடைக்குப் போனார்கள்.

முனவ்வர் வான் சாவியைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மகேந்திரராஜா காகிதக் குவளையோடு பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகத் தெரியவில்லை. நீங்கள் மன்னார் என்று சேஷாத்ரி சொன்னார், நானும் மன்னார் டவுனில் எண்பத்தைந்து தொடக்கம் எட்டு வருடம் படிப்பித்தேன் என்றார். பிறகு, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்பதுபோல, "உங்கட ஆக்கள் கனபேர் பிறகு புத்தளம் பக்கம் போட்டினம் என்ன, வியாபாரத்துக்கு" என்றார்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னது. மன்னாரில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். சில நாள் தவணை. வீட்டுச் சாமான்களை அங்கேயே விடவேண்டும். முனவ்வருக்கு அப்போது பதினேழு வயது. ஒரு மீன்பிடி வள்ளத்தில் நாற்பது பேர். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிப் பக்கம் இறங்கும்போது அவருடைய வாப்பாவின் கையில் கடைச் சாவிக் கொத்து மட்டும் இருந்தது. இதெல்லாம் மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்துகொண்டே வியாபாரம் என்கிறார்.

"நாங்க போகல்ல மாஸ்டர். அனுப்பினாங்க. நீங்க அப்ப மன்னார்லதானே இருந்தீங்க?"

மகேந்திரராஜா குவளைக்குள் பார்த்தார். அதுகள் எல்லாம் இப்ப ஏன் தம்பி என்றார். முனவ்வர் வானில் ஏறினார். வழியெல்லாம் அந்த மனிதரை வைதார். அவருடைய கணக்கையும், வெட்டிய கரும்பு நிற்பையும், அந்தக் காகிதக் குவளையையும் வைதார்.

ஆகஸ்டில் மாஸ்டரிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டில் எலி என்றார். போகக்கூடாது என்று முனவ்வர் மிஸ்னாவிடம் மூன்று தடவை சொன்னார். நாலாம் தடவை அவள் வான் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அரை மணி நேரம் கூரைக்குள் ஊர்ந்தார். புழுக்கை இல்லை, உரசல் கறை இல்லை, கடித்த கம்பி இல்லை. அவர் வாழ்நாளில் பார்த்த மிகச் சுத்தமான கூரை அது. ஏணியிலிருந்து இறங்கி, எலி இல்லை மாஸ்டர் என்றார்.

"ஓம். தெரியும்."

மாஸ்டரின் மனைவி யோகா குசினியிலிருந்து பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவள் போன விதத்திலேயே இது முன்பே பேசிவைத்தது என்று முனவ்வருக்கு விளங்கியது. மாஸ்டர் எதிர்க் கதிரையில் இருந்தார். மண்டபத்தில் நின்ற நேரான மனிதரைக் காணவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு நவம்பரில் மன்னாரில் பள்ளிக்கூடம் திறந்தபோது, தன்னுடைய வகுப்புகளில் மட்டும் அறுபத்துமூன்று முஸ்லிம் பிள்ளைகள் இல்லை என்றார். பெயர்களை இடாப்பு என்ற வரவுப் பதிவேட்டிலிருந்து வெட்டச் சொன்னார் அதிபர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விலகிய காரணம் எழுத ஒரு நிரல் இருந்தது. இயக்கத்துப் பெடியன்கள் வளவுக்குள் வந்துபோகும் காலம். மாஸ்டர் சிவப்பு மையில், பெற்றோருடன் வேறிடம் சென்றார் என்று முதல் பெயருக்கு எழுதினார்.

"மிச்ச அறுபத்திரண்டுக்கும் மேற்படி போட்டனான். மேற்படி, மேற்படி எண்டு கீழ வரைக்கும். பயம்தான். ஆனா பிறகு பயம் போன காலத்திலயும் அதையே சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மை மாதிரி வந்திட்டுது. அண்டைக்கு நீங்கள் மேடையில கேட்டனீங்கள், பேர் எங்க எண்டு."

முப்பத்தைந்து வருடமாக இப்படியொரு மனிதர் முன்னால் வந்து இருந்தால் என்னென்ன சொல்வது என்று முனவ்வர் சேர்த்துவைத்திருந்தார். அருமையான வசனங்கள். வான் ஓட்டும்போது அவற்றைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தார். எல்லாம் துவக்கு வைத்திருந்த ஆளுக்குச் சொல்லத் தயாரித்தவை. சிவப்புப் பேனை வைத்திருந்த கணித வாத்தியாருக்கு ஒன்றும் பொருந்தவில்லை. தேநீரைக் குடித்தார். சீனி காணாது என்றார். மாஸ்டர் சீனிப் போத்தலைத் தள்ளிவைத்தார். பிறகு தானே ஒரு கரண்டி போட்டுக் கலக்கியும் கொடுத்தார். அதைப் பார்த்து முனவ்வருக்கு இரக்கம் வரப்பார்த்தது, அந்த இரக்கத்தின் மேலேயே எரிச்சலும் வந்தது.

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம் மாஸ்டர். எனக்குத் தெரிஞ்ச விசயம்தானே. உங்களுக்குக் கை தட்டினவங்களுக்குச் சொல்லுங்க."

எழுந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இவர் சொல்லமாட்டார் என்று மிஸ்னாவிடம் உறுதியாகச் சொன்னார். வாத்தியார்களைத் தனக்குத் தெரியும் என்றார்.

சிந்தனை வட்டத்தின் செப்டம்பர் கூட்டத்தில் தலைப்பு, கூரையில் சூரியத் தகடு பொருத்தலாமா என்பது. சொல்லாமல் போய் முனவ்வர் கடைசி வரிசையில் இருந்தார். தகடு விற்பவர் பேசி முடித்ததும் மகேந்திரராஜா எழுந்து பத்து நிமிடம் கேட்டார். சேஷாத்ரி ஐந்து கொடுத்தார். முதல் தடவையாக மாஸ்டர் தாள் வைத்துக்கொண்டு பேசினார். மோசமாகப் பேசினார். ஒலிவாங்கியை வாய்க்குள் நுழைப்பதுபோலப் பிடித்திருந்தார். பாதிச் சொற்கள் மூச்சாகவே கேட்டன. ஜூலையில் தான் சொன்னது பிழை, அந்தத் தீவுச் சனம் தாங்களாக அழியவில்லை என்று ஆரம்பித்து, நேரே மன்னாருக்கு வந்தார். இடாப்பைச் சொன்னார். மேற்படியைச் சொன்னார். ஒரு தம்பதி எழுந்து வெளியே போனார்கள். பழசைக் கிளறி என்ன காண்பது என்று முன்வரிசையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். கல்யாணி திரும்பி அவரைப் பார்த்து, அவர் பேசி முடிக்கட்டுமே என்றாள்.

வள்ளங்கள் போனது சனிக்கிழமை என்று மாஸ்டர் வாசித்தார்.

"ஞாயிறு," என்றார் முனவ்வர், பின்னாலிருந்து.

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, தாளைச் சுவரோடு வைத்து, வெட்டித் திருத்தினார். அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஐந்து நிமிட மணி அடித்தது. சேஷாத்ரி எழுந்தார், கையைத் தூக்கினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மிஸ்னா எப்படி நடந்தது என்று கேட்டாள். முனவ்வர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, கேட்கச் சகிக்கவில்லை என்றார். ஒலிவாங்கி பிடிக்கத் தெரியாது, கிழமை தெரியாது, படிப்பித்த பிள்ளைகளின் வாப்பா பேர்களைக்கூட மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்றார்.

"எத்தனை பேர்ட பேர் சொன்னாரு?"

"நாப்பத்தொன்டு."

அவள் சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். மிச்சம் இருபத்திரண்டு பேரின் பெயர் மாஸ்டருக்கு ஞாபகம் வரவில்லை என்று அவர் சொன்னார். அதில் மூன்று நாலு பேர் தன்னுடைய ஊர்ப் பிள்ளைகள், டவுனுக்குப் படிக்கப் போனவர்கள், அவர்களுடைய பெயர்கள் தனக்குத் தெரியும் என்றார். சாப்பிடாமல் தொலைபேசியை எடுத்து, மாஸ்டரின் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார்.